உப்புக்கு வரி இல்லை, பெயருக்கு உண்டு

பெயர்ப் பலகையைக் கழற்ற இரண்டு பேர் வந்திருந்தார்கள். கையில் ஏணி, ஸ்பானர், கம்பெனி கொடுத்தனுப்பிய கடிதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிற வழியில் என் அத்தை மகன் நடத்திய டீக்கடை அது. பலகை இறங்கியதும் சுவரில் எட்டு ஓட்டை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பலகைக்கு மட்டும் தனியா எழுபதாயிரம் கட்டினேன் மச்சான். அதுவும் அவங்களுதாம். ஒப்பந்தத்துல எழுதியிருக்காம்."

எழுதித்தான் இருந்தது. நாற்பத்தாறு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் முப்பத்தொன்றாம் பக்கம். கையெழுத்துப் போடும் முன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியவன்தான் அவன். நான் திண்டிவனத்தில் வருஷக்கணக்காக வரிக் கணக்கு எழுதுகிறவன். ராயல்டி எத்தனை சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி எவ்வளவு, முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. இந்தப் பெயரில் இதுவரை எத்தனை கடை திறந்தார்கள், அதில் எத்தனை மூடினார்கள் என்ற கேள்வி அது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் உப்பளத்துக் குடும்பம். அப்பா ஓர் அளத்தில் கணக்கப்பிள்ளை. அப்போது மரக்காணம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல்தான் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. பொங்கல் கழிந்ததும் பாத்தி மிதிக்க ஆள் இறங்கும். ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று சேற்றை மிதித்து மிதித்துத் தரையைக் கல் போல இறுக்குவார்கள். உவர்நீரைத் தெப்பத்தில் நிறுத்தி, வெயிலில் கெட்டியாக்கி, பிறகு பாத்திக்கு விடுவார்கள். சில நாளில் தண்ணீர்மேல் ஏடு கட்டும். வாருபலகையால் இழுத்து வரப்பில் சேர்த்தால் வெள்ளை அம்பாரம். வெயில் ஏறும் முன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்பே பெண்கள் அளத்தில் இருப்பார்கள். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

சரக்கு திண்டிவனத்து மண்டிக்குப் போகும். அப்பாவுக்கும் மண்டிக்காரருக்கும் இடையில் பத்திரம் எதுவும் இல்லை. மாதக் கடைசியில் மண்டிக்காரர் நீளமான ஒரு சீட்டு அனுப்புவார். எத்தனை மூட்டை வந்தது, எந்த விலைக்குப் போனது, மழையில் கரைந்தது எத்தனை, வழியில் சிந்தியது எத்தனை, விற்காமல் கிடப்பது எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். கமிஷன் கடைசி வரியில் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அந்தச் சீட்டைத்தான் நான் வாசித்துக் காட்டுவேன். நஷ்டத்தைச் சொல்லும் வரிகளை அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொல்வார். "லாபத்தை யாரும் சொல்லுவான். நஷ்டத்தை எழுதி அனுப்புறவன்கிட்டதான் சரக்கை விடலாம்" என்பார்.

அந்தக் காலம் முழுக்க நேர்மையானது என்று சொல்ல மாட்டேன். எடையில் ஏமாற்றிய மண்டிகளும் இருந்தன. பாதம் வெடித்து, வெள்ளைப் பரப்பின் கூச்சத்தில் கண் மங்கிப்போன தொழிலாளிக்குக் கூலி சொற்பம்தான். ஆனால் பணத்தைப் போடுகிறவனுக்கும் சரக்கைக் கொடுக்கிறவனுக்கும் தெரிய வேண்டியது தெரிந்திருந்தது. சிறிய ஊர், மறைத்தால் மறுநாள் சந்தையில் பேச்சாகிவிடும்.

உப்பை யார் விற்கலாம், எப்படி விற்கலாம் என்று இந்த நாட்டில் எப்போதும் ஏதாவது ஒரு சட்டம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு விற்பனையைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அந்த வழிவந்த உப்புச் சட்டத்தை உடைக்கத்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரல் 1 அன்று. அப்பா பேச்சில் அந்தத் தேதி அடிக்கடி வரும். சுதந்திரம் எங்கள் அளத்துக்கு நான்கு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது என்பார்.

பிறகு வந்தது பெயர். 1983இல் டாடா சால்ட் சந்தைக்கு வந்தது. குஜராத்தின் மிட்டாபூரில் தயாரான உப்பு, பாலிதீன் பையில். சில வருஷத்தில் அது எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்கும் வந்து சேர்ந்தது. கடையின் பின்வாசலில் நின்றால் எங்கள் அம்பாரம் தெரியும். முன்வாசலில் அந்தப் பாக்கெட் தொங்கும். அம்மா ஒன்று வாங்கிவந்தபோது அப்பா பிரித்து விரலில் தொட்டுப் பார்த்தார். மாவு போல இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

2006 மே 17 முதல் அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. தயாரிக்கும் இடத்தில் பத்து லட்சம் பங்குக்கு 30 பங்கு, வாங்குகிறவர் கைக்கு வரும்போது 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கழுத்துக் கழலையையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவையும் தடுக்கிற ஏற்பாடு. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அயோடின் தெளிக்கும் இயந்திரமும் பரிசோதனைக் கூடமும் பாக்கெட் போடும் வசதியும் சிறு அளக்காரரிடம் இல்லை. எங்கள் உப்பு மூட்டையாகப் போய் யார் யார் பெயரிலோ பாக்கெட்டாகத் திரும்பியது. சரக்கை விடப் பெயர் பெரிது என்று மரக்காணம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அந்தப் பெயரை வாடகைக்கு விடுவதுதான் ஃபிரான்சைஸ். பெயரும் செய்முறையும் ஒருவருடையது. முதலும் உழைப்பும் இன்னொருவருடையது. அதற்கு இந்தியாவில் எப்படியெல்லாம் சட்டம் மாறியது என்பதை என் மேசையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

திண்டிவனத்தில் எனக்கு நெடுநாள் கட்சிக்காரர் ஒருவர், சைவ ஓட்டல் நடத்துகிறவர். அவர் ஓட்டலுக்கு நல்ல பெயர். சுற்றுவட்டாரத்தில் இரண்டு பேர் அதே பெயரை மாட்டிக்கொண்டார்கள். 1958ஆம் வருஷத்து வணிகக் குறிச் சட்டப்படி பொருளுக்குத்தான் பெயரைப் பதிவு செய்யலாம். ஓட்டல், சலூன், டியூஷன் போன்ற சேவைக்கு முடியாது. பதிவு இல்லாத பெயருக்காக வழக்குப் போட்டு, இது என் பெயர்தான் என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். 1999இல் நிறைவேறிய புதிய வணிகக் குறிச் சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று அமலுக்கு வந்த பிறகுதான் சேவைக்கும் பதிவு கிடைத்தது. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் அவர் பின்னால் மூன்று ஊரில் கிளை கொடுத்திருக்க முடியாது.

அதே 2003, ஜூலை 1 முதல் ஃபிரான்சைஸுக்குச் சேவை வரி. இந்தியச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதியிருந்ததை நான் முதலில் படித்தது அந்த வருஷத்து நிதிச் சட்டத்தில்தான். நான்கு நிபந்தனை சொன்னது. பெயரால் விற்கும் உரிமை தர வேண்டும், தொழில்முறையைச் சொல்லித்தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்க வேண்டும், எடுத்தவர் வேறு பெயரில் அதே தொழில் செய்யக் கூடாது. நான்கும் இருந்தால் ஃபிரான்சைஸ், வரி உண்டு. ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் இல்லாமல் செய்துவிட்டால் வரியும் இல்லை என்ற வழி திறந்தது. 2005 ஜூனில் அரசு அந்த வழியை அடைத்தது. பின்மூன்று நிபந்தனையையும் எடுத்துவிட்டு, பெயரைப் பயன்படுத்த உரிமை கொடுத்தாலே ஃபிரான்சைஸ் என்று மாற்றி எழுதியது. அதே வருஷம் சிறு சேவைக்காரர்களுக்கு 4 லட்சம் ரூபாய் வரை வரிவிலக்கு வந்தது. பிறர் பெயரில் தொழில் நடத்துகிறவருக்கு அந்த விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே வரி.

மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. பெயரைக் கொடுப்பதும் சரக்கைக் கொடுப்பது போலத்தான் என்று வாட் என்ற விற்பனை வரியைக் கேட்டன. ஒரே ராயல்டிக்கு இரண்டு வரி. 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சப்வே வழக்கில், ஃபிரான்சைஸ் என்பது பெயரைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே, வாட் செல்லாது என்றது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேறொரு கதவு அதற்கு முன்பே திறந்துவிட்டது. வெறும் பெயருக்கு உள்நாட்டு விற்பனையில் 1 சதவீதத்துக்கு மேல் ராயல்டி அனுப்ப வேண்டுமானால் அரசின் ஒப்புதல் தேவை என்ற உச்சவரம்பு இருந்தது. 2009 டிசம்பரில் அதை நீக்கினார்கள்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. உப்புக்கு வரி இல்லை. 1947 ஏப்ரலில் கொடுத்த வாக்கை அந்த அளவுக்குக் காப்பாற்றினார்கள். ஆனால் உப்புப் பாக்கெட்டுக்கு ஒருவர் பெயரை ராயல்டி கொடுத்து வாங்கினால், இன்று அந்த ராயல்டிக்கு 18 சதவீதம். உப்புக்கு வரி இல்லாததால், கட்டிய அந்த வரியை எதிலும் கழித்துக்கொள்ளவும் முடியாது.

டீக்கடைக்கும் ஏறக்குறைய இதே கதை. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகத்துக்கு 5 சதவீத வரி. உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அத்தை மகன் மாதம் 4 லட்சம் விற்றால் 5 சதவீத ராயல்டி 20,000 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 3,600. அந்த 3,600 அவன் கையை விட்டுப் போனதுதான். கொடுக்கிற கம்பெனிக்கு இதில் நட்டம் இல்லை என்று நினைக்கலாம். உண்டு. எடுக்கிறவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் கிளை மூடும். மூடின கிளையிலிருந்து ராயல்டி வராது.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கிறவருக்கு இன்னொரு பொறுப்பையும் வைத்தது. வேறொருவர் செய்த பொருளில் தன் பெயரைப் போடுகிறவரையும் அது தயாரிப்பாளர் என்கிறது. பொருள் கெட்டு யாருக்காவது தீங்கு வந்தால் பெயர்க்காரரும் பதில் சொல்ல வேண்டும். மிக நல்ல மாற்றம். பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது.

ஆக, பெயரைக் காக்கச் சட்டம் உண்டு. வரி வாங்கச் சட்டம் உண்டு. டீ குடிக்கிறவரைக் காக்கச் சட்டம் உண்டு. சேமிப்பைக் கொண்டுவந்து அந்தப் பெயரில் போடுகிறவருக்கு, போடும் முன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தனியாக ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. நுகர்வோர் சட்டத்துக்குப் போனால், வியாபார நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் அல்ல என்பது பொது விதி. சொந்தப் பிழைப்புக்காக என்ற விலக்கு இருக்கிறது; அதை வாதாடித்தான் பெற வேண்டும்.

அத்தை மகன் பணம் போட்டதும் அப்படி எந்த உண்மையும் சொல்லப்படாமல்தான். அளத்துக் குத்தகையை விட்டு, அத்தையின் நகையை வைத்து, எட்டு லட்சம் புரட்டினான். முதல் ஆறு மாதம் நன்றாகப் போனது. வார இறுதியில் புதுச்சேரி போகிற கார்கள் வரிசையாக நிற்கும். ஏழாம் மாதம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அதே பெயரில், அதே கம்பெனி இன்னொருவருக்குக் கடை கொடுத்தது. எல்லை பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. பால் பவுடரும் தேயிலையும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். விலை இரண்டு தரம் ஏறியது. வழக்கு என்றால் வேறு மாநிலத்துத் தலைநகரில் நடுவர் முன்தான். பதினான்காம் மாதம் கடையை மூடினான். பின்னால்தான் தெரிந்தது, இதே சாலையில் அவனுக்கு முன்பே அந்தப் பெயரில் இரண்டு கடை மூடியிருக்கிறது.

பெரியவர்களுக்கும் பிணக்கு வரும். மெக்டொனால்ட்ஸ் கம்பெனிக்கும் வட இந்தியக் கூட்டாளி விக்ரம் பக்ஷிக்கும் 2013இல் தொடங்கிய சண்டை 2017இல் 169 கடைகளின் உரிமத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போய், 2019 மே மாதம் சமரசத்தில் முடிந்தது. கம்பெனித் தீர்ப்பாயம், லண்டன் நடுவர் மன்றம் என்று இரு தரப்பும் போராடின. அவர்களுக்கு வக்கீல் உண்டு, காலம் உண்டு. நகையை அடகு வைத்தவருக்கு அடுத்த மாத வட்டி மட்டும்தான் உண்டு.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறார். அவரும் ஒரு சிறிய உணவகத்துக்கு ஃபிரான்சைஸ் எடுத்தார். அங்கே 1998ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. கொடுக்கிற கம்பெனி அரசுப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கையெழுத்துக்குப் பத்து நாள் முன்பாக ஒப்பந்தத்தையும் விவரக் குறிப்பையும் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் ஏழு வேலை நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்குக் குறையக் கூடாது. 2022இல் வந்த திருத்தம் பதிவு விதியை இன்னும் இறுக்கியது. அமெரிக்காவில் 1979 முதல் இப்படி ஒரு விதி நடப்பில் இருக்கிறது. 23 தலைப்பில் விவரம் தர வேண்டும். இப்போது 14 நாள் முன்பாக. அதில் ஒரு தலைப்பு, கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது என்ற அட்டவணை. அதைப் படித்தபோது எனக்கு மண்டிக்காரரின் சீட்டு நினைவுக்கு வந்தது. கரைந்தது எத்தனை, சிந்தியது எத்தனை. அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொன்ன வரிகள் அவை.

இப்படி ஒரு சட்டம் வந்தால் கொடுக்கிற கம்பெனிகளுக்குப் பாரம் என்கிறார்கள். என் சைவ ஓட்டல்காரரிடம் கேட்டேன். கிளை கேட்டு வருகிறவரை அவர் ஒரு மாதம் தன் அடுப்படியில் நிற்க வைப்பார். மூன்று வருஷத்துக் கணக்கைக் காட்டுவார். ஒரு கிளை ஏன் மூடியது என்றும் சொல்வார். "எல்லாத்தையும் நான் காட்டறேன் சார். பாதி பேர் பயந்து போயிடறாங்க. ஒண்ணையும் காட்டாதவன் நாலே நாள்ல கையெழுத்து வாங்கிடறான். சட்டம் வந்தா எனக்குத்தான் நல்லது" என்றார். நேர்மையான கம்பெனிக்குச் சட்டம் இல்லாமைதான் பாரம். நான் பார்த்த வரையில் இதுதான் உண்மை.

அத்தை மகனுக்குக் கடைசியில் கைகொடுத்தது 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். கடை மூடிய பிறகும் இரண்டு வருஷம் ஐந்து கிலோமீட்டருக்குள் டீ விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு பெயரில் விற்காதே என்றால் செல்லும். கோகோ கோலாவுக்கும் குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் அப்படித்தான் சொன்னது. முடிந்த பிறகும் ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கிற நிபந்தனை 27ஆம் பிரிவின்படி செல்லாது. எனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு அவனிடம் சொன்னேன். எட்டு ஓட்டையையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டு, அதே இடத்தில் பாய்லரை ஏற்றிவிட்டான்.

ஃபிரான்சைஸ் எடுக்க நினைக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். மூன்று வருஷத்தில் எத்தனை கடை மூடியது. மூடியவர்களின் தொடர்பு எண். உங்கள் கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொன்று வராது. எழுதித் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரிடம் கொடுத்துப் பதினான்கு நாள் வைத்துப் படியுங்கள். கணக்கு எழுதுகிற என் போன்றவர்களே, லாபக் கணக்கைப் போட்டுக் கொடுப்பதற்கு முன் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. 2003இல் வரி வாங்குவதற்காக ஃபிரான்சைஸ் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதினீர்கள். அதை நம்பிப் பணம் போடுகிறவருக்காகவும் ஒரு சட்டம் எழுதுங்கள்.